காற்றுச் சூத்திரமும் அதன் உரையாசிரியர்களும்

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான படிகள் அச்சாகியும் வாசகரே வாய்க்காத நூல் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளின் செயின் கவரிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரே அது. மொத்தம் மூன்று எண்கள். 150 சிசி வண்டிகள் பலவற்றில் முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ, பின் டயருக்குத் தனியாளாயின் 28, இருவராயின் 32 என்ற அளவில் அமையும். வண்டிக்கு வண்டி சில எண்களில் பாடபேதம் உண்டு. சூத்திரத்துக்குரிய சுருக்கம் இருக்கிறது, விளக்கம் இல்லை. மூலம் இப்படி இருந்தால் உரையாசிரியர்கள் தோன்றாமல் இருப்பார்களா? தோன்றினார்கள். மூலத்தைப் படிக்காமலேயே தோன்றினார்கள் என்பதுதான் இந்த உரைமரபின் தனிச்சிறப்பு.

காலத்தால் முந்தியது கட்டைவிரல் உரை. டயரை அழுத்தி, உதட்டைப் பிதுக்கி, "இருக்கு" என்று முடிப்பது இதன் நடை. சைக்கிள் டியூபுக்கு இது பொருந்திய காலம் ஒன்று இருந்தது. இன்றைய டியூப்லெஸ் டயரின் பக்கச்சுவர் விறைப்பில் 20-க்கும் 30-க்கும் வேறுபாட்டை விரல் அறியாது. அடுத்தது கால் உரை, அதாவது டயரை உதைத்துப் பார்ப்பது. பழைய வண்டி வாங்கப் போகும் இடத்தில் மட்டும் வழங்குவது. விலையைக் குறைக்கப் பயன்படும், காற்றை அளக்கப் பயன்படாது. இடைச்செருகல் ஒன்றும் உண்டு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெரிய எண்ணையே மூலமாகக் கொள்வோர் அதில் சிக்கியவர்கள். அது அந்த டயர் தன் உச்சபட்ச எடையைத் தாங்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். ஒரே டயர் பல வண்டிகளுக்குப் பொருந்தும். அது உங்கள் வண்டியைப் பார்த்தே இராது.

இவர்கள் எல்லாரையும் விஞ்சிய பேருரையாசிரியர் பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர். "டபுள்ஸ் போவீங்களா?" என்று ஒரே ஒரு வினா எழுப்புவார். விடை எதுவாயினும் இரண்டு டயருக்கும் 35 வைப்பார். அறியாமை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்டிக்கர் எழுதியவர் இருவர் என்று கண்டது இரண்டு பேரை. நம் ஊரில் இருவர் என்பது கணவன், மனைவி, டேங்கின் மேல் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, ஹேண்டில் பாரில் ஒரு காய்கறிப் பை. மேலும், டியூபின் ரப்பர் வழியே காற்று மெல்லக் கசியும் என்பதும், இந்த வாடிக்கையாளர் மறுபடி வரப் பல மாதம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். வரப்போகும் இழப்பையும் வரப்போகும் மைத்துனனையும் சேர்த்துத்தான் 35. பின் டயரளவில் இவ்வுரை ஏற்கத்தக்கதே. முன் டயருக்கு ஏற்க இயலாது. 25 இருக்க வேண்டிய இடத்தில் 35 இருந்தால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு சுருங்கும். முதல் மழையில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். பின்னே தவறினால் பிழை, முன்னே தவறினால் மாவுக்கட்டு.

ஆனால் உரையாசிரியர் அனைவரும் ஒருமிக்கத் தவறவிட்ட இடம் வேறொன்று. மூலத்தின் மூன்று எண்களும் குளிர்ந்த டயருக்கு உரியவை. அதாவது சில மணி நேரமாவது ஓடாமல் நிழலில் நின்ற வண்டி. அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும் என்று சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சு நாட்டு அமோந்தோன் காட்டிவிட்டார். கணக்கு எளிது, வெளிக்காற்றின் 14.7-ஐயும் கூட்டிக்கொள்ள மறக்கக் கூடாது, அவ்வளவுதான். விடியற்காலை 30 டிகிரியில் 28 காட்டிய டயர், மே மாத வெயிலில் ஓடி 60 டிகிரி ஏறினால் 32 காட்டும். நண்பகலில் இதைக் கண்டு பதறி, மூலத்துக்கு விசுவாசமாக 28-க்கு இறக்கினால், மறுநாள் காலை அதே டயரில் 24 தான் இருக்கும். மூலத்தைப் படித்தவன் படிக்காதவனைவிடக் கெட்டான் என்று ஆகும் இடம் இது.

சரி, குளிர்ந்த டயரிலேயே அடித்துக்கொள்ளலாமே என்றால், அது வீட்டு வாசலில் இருக்கிறது. கம்ப்ரஸரோ பங்கில் இருக்கிறது. இடையில் ஓட்டியாக வேண்டும், ஓட்டினால் சூடாகும். தீர்வு ஒன்றே. காலையில் வீட்டிலேயே கேஜ் வைத்துப் பார்த்து, நான்கு குறைகிறது என்று கண்டால், பங்குக்குப் போய் அங்கே முள் என்ன காட்டினாலும் கூட நான்கு ஏற்றிக்கொள்வது. இக்கட்டுரையில் யாருக்கேனும் பயன்படக்கூடியது இந்த ஒரு வரிதான்.

(நைட்ரஜன் அடித்துப் பச்சை மூடி போட்டவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்பர். வெறுங்காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் ஏறும்.)

இனி டிராக் மரபு. இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதையிலும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் வழங்குவது இது. சாலை மரபுக்கு நேர் எதிர்: இங்கே சூடான டயரின் எண்ணே மூலம், குளிர்ந்த எண் வெறும் பாயிரம். யமஹா ஆர்1 போன்ற ஆயிரம் சிசி வண்டிகளுக்கு ஸ்டிக்கர் முன்னே 36, பின்னே 42 என்கிறது. நெடுஞ்சாலை, இரண்டு ஆள், மூட்டை எல்லாவற்றையும் எண்ணி வைத்த அளவு. டிராக்கிலோ ஒற்றை ஆள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சாய்த்து, ஒவ்வொரு முடிவிலும் பிரேக்கை இறுக்கி, டயரைக் கொதிக்க வைப்பார். 75 டிகிரி எட்டினால் 36 என்பது 43-ஐத் தாண்டிவிடும். பிடிமானம் போய் வழுக்கும். ஆகவே 30 அளவில் தொடங்கி, ஒரு சுற்றோட்டம் முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றும் முன் அளக்கிறார்கள். வெற்றிலைப் பெட்டி போல கேஜைக் கூடவே வைத்திருக்கிறார்கள். காலை அளவு மதியத்துக்கு உதவாது. மிகவும் இறக்கினாலும் ஆபத்து: பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து டயர் இன்னும் சூடாகும், ஹேண்டில் கனக்கும்.

இம்மரபின் உச்சம் மோட்டோஜிபி. முன் டயரில் 1.8 பாருக்குக் குறையக் கூடாது என்பது 2024 முதல் விதி. பந்தயத்தின் 60 விழுக்காடு சுற்றுகளிலாவது அந்த அளவு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 16 வினாடி அபராதம். 2025-இல் தாய்லாந்தின் புரிராமில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், தம்பி அலெக்ஸை வேண்டுமென்றே முன்னே விட்டுப் பின்தொடர்ந்தார். முன் வண்டி கக்கும் சூட்டில் டயர் அழுத்தம் ஏறட்டும் என்றுதான். ஏறியது, கடைசியில் முந்தி வென்றார். அதே ஆண்டு கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ் காற்றுக் குறைவால் பதினான்காம் இடத்துக்கு இறங்கினார். 1.8 பார் என்பது 26 பிஎஸ்ஐ. 300 கிலோமீட்டர் வேகத்தில் கொதிக்கும் டயருக்கு இவர்கள் கேட்பது, நம் 150 சிசி ஸ்டிக்கர் முன் டயருக்குக் குளிரில் கேட்பதைவிட ஒன்றே ஒன்று அதிகம். பங்கில் இதைச் சொல்லிப் பார்க்கலாம், பலன் இராது.

இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் களம், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னை திரும்பும் நெடுஞ்சாலை. காலையில் வண்டியை ஓட்டியே வந்து, வால்வு ஊசியை அழுத்தி 36-ஐ 30-ஆக இறக்கி, நாளெல்லாம் டிராக்கில் சுற்றியவர், மாலையில் இறக்கிய காற்றை மீண்டும் ஏற்றிக்கொள்ள முதல் பங்கில் நிறுத்துகிறார். டயர் இன்னும் தகிக்கிறது. காற்று அடிப்பவர் குனிந்து முன் டயரில் குழாயை வைக்கிறார். முள் 35-இல் நிற்கிறது.

"கரெக்டா இருக்கு சார், எடுங்க" என்று குழாயைச் சுருட்டுகிறார்.