அரிசிம்பருப்பு சாப்பிடாத விருந்தாளி

அடிபட்ட தெருநாயை வீட்டில் வைத்திருப்பவனுக்குக் கணியூரில் இரண்டு பேர் தேடி வந்து உதவுவார்கள். ஒருவர் மருந்துக் கடைக்காரர், கடன் கொடுப்பார். மற்றவர் ஊரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், யோசனை கொடுப்பார். கடனை மாசம் பிறந்தால் அடைத்துவிடலாம். யோசனையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? குப்பை வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டே பிரிவுதான் இருக்கிறது.

நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். கண்ணும் இடுப்பும் ஒரே சமயத்தில் ராஜினாமா கொடுத்ததால் அமராவதிக் கரையில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பினேன். நாய் ஆசையெல்லாம் கிடையாது. விடிகாலையில் மில்லுக்கு ஆள் ஏற்றிப் போன வேன் ஒன்று தட்டிவிட்டுப் போக, செம்பட்டை நிறப் பொட்டை நாய் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டது. உடுமலையிலிருந்து பைக்கில் இரண்டு தம்பிகள் வந்தார்கள். லீவு நாளில் ஊர் ஊராகப் போய் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பிள்ளைகள். "காப்பகத்துல எடமே இல்லீங்க அங்கிள். கட்டுப் பிரிக்கற வரைக்கும் நீங்க ஃபாஸ்டர் வெச்சுக்குங்க" என்றார்கள். நான் பதில் யோசிப்பதற்குள் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டாள். கொங்கு நாட்டில் தண்ணீர் கொடுத்தால் "வாங்க" என்று அர்த்தம்.

"வாயக் கட்ட எதாச்சும் துணி இருக்குதுங்களா?" என்றான் ஒரு தம்பி. வலியில் இருக்கும் நாய் எவ்வளவு சாதுவானாலும் தொட்டவரைக் கடிக்கும். அதனால் தூக்குவதற்கு முன் வாயைத் துணியால் சுற்றிவிட வேண்டும். ஆனால் திருப்பூரில் வேலை பார்த்தவனிடம் துணி இருக்கிறதா என்று கேட்கலாமா? கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. "180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி வேணுமா, ரிப் வேணுமா, இன்டர்லாக் வேணுமா?" என்று கேட்டேன். தம்பி நாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். யார் வாயை முதலில் கட்டுவது என்று அவன் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

அந்த யோசனை முடிவதற்குள் நாய் என் மணிக்கட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஊசிக்குப் போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தோள்பட்டையில் போடுகிறார்கள். எறும்புக் கடி அளவுகூட வலியில்லை. ஊர் நம்ப வேண்டுமே! "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசியாமா?" என்று துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அது அந்தக் காலம். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகு, நாய்க்கடி என்றால் நம் பக்கத்து ஜனங்கள் மலையேறினார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தைத்தான் வயிற்றில் குத்தினார்கள். 2004-க்குப் பிறகு இந்தியாவில் அதைத் தயாரிப்பதே இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற பட்டிக்கார மாமா பெருமூச்சு விட்டார். "அப்பவும் நாய்க்கடிக்கு உசுர உட்டது எங்க ஆடுதானுங்களா மாப்ள?"

நாயை உடுமலைக்குத் தூக்கிப் போனோம். பக்கத்தில் பண்ணைக்கிணற்றில் 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டதால் எங்கள் பக்கத்து நாய், மாடுகளுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடாமல் குதிக்காமல் அடைத்து வைக்கச் சொன்னார்கள். கட்டு நனையக் கூடாது. விரல் நுனி வீங்குகிறதா, சில்லிடுகிறதா, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வலிக்கிறதே என்று நம் மாத்திரையை உடைத்துப் போட்டுவிடக் கூடாது. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். காலையில் எழுந்ததும் நாயின் பாதத்தை மோந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிப்பவர் அந்த நேரத்தில் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

மாமா வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். "ஒரு நாயிக்கு இத்தன செலவா? எங்கிட்டச் சொல்லியிருந்தா மூங்கிப் பத்தைய வெச்சுக் கட்டி உட்டிருப்பனே. எத்தன ஆட்டுக்குக் கட்டியிருக்கறேன்!"

"எல்லாம் கூடிருச்சுங்களா மாமா?"

"கூடறதுக்குள்ள நோம்பி வந்துருமில்ல."

வீட்டுக்காரிக்கு வேறு குறை. வந்தவர்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம் போடாமல் அனுப்பினால் குடும்ப மானம் போய்விடும். அதுவோ சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் வராது. இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சரி, பால் ஊற்றலாம் என்றால் பல நாய்களுக்கு அது செரிக்காமல் வயிற்றால் போகும். மாவுக்கட்டுப் போட்ட நாய்க்கு வயிற்றால் போனால் தண்டனை யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் வெறும் சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி என்று முடிவாயிற்று. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் வீட்டுக்காரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "கட்டிக்கிட்டு வந்த நாள் மொதலா இந்த ஊட்ல எனக்கொருத்தரும் எலும்பெடுத்துக் கறி போடலீங்க" என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் மோந்து பார்க்கும் வேலையில் மும்முரமாக இருந்தேன்.

கூண்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. திருப்பூரிலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த பழைய கட்டிங் டேபிளுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளை வைத்து அடைத்தோம். மெத்தைக்குக் கட்டிங் வேஸ்ட். விலாவில் இருந்த சிராய்ப்பை நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு நாய் டேபிள் கால், சுவர், என் முழங்கால் என்று எல்லாவற்றையும் வரிசையாக இடித்தது. அப்போதுதான் எனக்குள் இருந்த மாஸ்டர் விழித்துக்கொண்டார்.

நாய்க்குச் சட்டை வெட்டுவது லேசான காரியமில்லை. மனிதனுக்கு முன் பாகமும் பின் பாகமும் ஏறக்குறைய ஒரே நீளம். நாய்க்கு முதுகு நீளம், வயிற்றுப் பக்கம் குட்டை. கை வைக்கும் இடம் நெஞ்சுக்கு அடியில் வரும். கழுத்தளவு எடுக்க விட்டால் மார்பளவு எடுக்க விடாது. அட்டையில் பேட்டர்ன் போட்டு, கிடந்த டி-ஷர்ட் ஒன்றைப் பிரித்து வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரி மெஷினில் அடித்தாள். "பேட்லாக் மெஷின் இல்லாம ஹெம் சுருண்டுக்கும்" என்றேன். "பையர் கடிச்சாப் பாத்துக்கலாம்" என்றாள். அந்தத் துணி ஏதோ வெளிநாட்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போக வேண்டியது. பிரிண்ட் கோணலானதால் கழிக்கப்பட்டது. மாவுக்கட்டுக் காலோடு, முதுகில் 'ஃபினிஷர்' என்ற எழுத்தோடு எங்கள் நாய் வாசலுக்கு வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நம்பி, தத்தெடுக்க ஆள் கிடைக்கும் என்று தம்பிகள் சொல்லி வைத்தார்கள். ஆளும் வந்தார்கள். "ராஜபாளையம் கிராஸுங்களா?" என்பது முதல் கேள்வி. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. எங்கள் நாய்க்கும் அஞ்சல் துறைக்கும் உள்ள தொடர்பு, தபால்காரரைப் பார்த்தால் குரைப்பதோடு சரி. இரண்டாவது கேள்வி, "பொட்டையா?" மூன்றாவது கேள்வி வராது, செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். காதர்பேட்டைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு தையல் விலகியிருந்தால் டி-ஷர்ட் செகண்ட்ஸ் ஆகிவிடும். அதற்காக அது டி-ஷர்ட் இல்லை என்று ஆகிவிடாது, போட்டால் பத்து வருஷம் உழைக்கும். வெளிநாட்டுப் பையர்கூட ஏக்யூஎல் 2.5 என்று கணக்கு வைத்து, சாம்பிளில் சில குறைகள் இருந்தாலும் லாட்டைப் பாஸ் பண்ணுகிறார். எங்கள் ஊர் ஜனங்கள் ஒற்றை நாயில் ஒற்றைக் காலைப் பார்த்து மொத்த நாயையும் ரிஜெக்ட் செய்தார்கள்.

மாமா மட்டும் பொட்டை நாய் விஷயத்தில் நியாயமாகப் பேசினார். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டதும், விவசாயிகள் ரோட்டுக்கு வந்து போராடியதும் எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. "வருசத்துக்கு ரெண்டு ஈத்து. ஈத்துக்கு நாலஞ்சு குட்டி. அதுல பாதி பொட்டை. நீங்க ஒரு காலச் சரி பண்ணி எத்தன வாய உண்டு பண்றீங்கன்னு கணக்குப் போட்டீங்களா மாப்ள?" பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் டார்கெட் பார்த்தவனுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது.

மாமா சொன்ன கணக்கைச் சென்னையில் ப்ளூ கிராஸ்காரர்கள் 1964-லேயே போட்டுவிட்டார்கள். பிடித்துக் கொல்வதால் நாய்கள் குறையவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போடுங்கள் என்றார்கள். மாநகராட்சி 1996-ல் ஒப்புக்கொண்டது. நாய் வருஷத்தில் அது எத்தனை தலைமுறை! பிறகு 2001-ல் அதுவே மத்திய அரசின் விதியாயிற்று. 2023-ல் புது விதிகள் வந்தன. கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். காலி இடம் விட்டால் பக்கத்து ஊர் நாய் வந்து குடியேறும். ஊசி போட்ட உள்ளூர் நாய் இருந்தால் அது புதிதாக வருவதை விரட்டும்.

எங்கள் நாய்க்கும் எலும்பு கூடி, உடம்பு தேறியபின் கருத்தடை முடிந்தது. காது நுனியில் அடையாளத்துக்குச் சின்ன வெட்டு. துணியில் நாட்ச் போட்டே காலத்தை ஓட்டியவன் சொல்கிறேன், வேலை சுத்தம்.

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றால் எந்த இடம்? இதற்கு முன் அது பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் குடியிருந்தது. தலைநகர் வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, வெறியும் மூர்க்கமும் இல்லாத நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பழைய இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் மட்டும் விடக் கூடாது என்றது. எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடம் பேருந்து நிலையமா என்று டீக்கடையில் பெரிய வாதமே நடந்தது. பஸ்ஸே சில நேரம் அங்கே நிற்காமல் போகிறது, நாய் மட்டும் எப்படி நிற்பது என்று பேப்பர் படிக்கும் எதிர்வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஆக, எங்கள் தெருவே அதன் புது முகவரி ஆயிற்று.

வீட்டுக்காரியைக் கேட்டால், "நாங்க நாயெல்லாம் வளக்கறதில்லீங்க" என்பாள். காலையில் எங்கள் வீட்டு முட்டை, மத்தியானம் எதிர்வீட்டு மோர்ச்சோறு, ராத்திரி கடைசி வீட்டுக் கறி. லேசாக நொண்டுகிறது, வேன் சத்தம் கேட்டால் மட்டும் நொண்டாமல் ஓரம் போகிறது. பட்டிப் பக்கம் போவதில்லை. போனால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எலும்பு கூடச் சில வாரம் போதும். ஒரு நாயை ஏற்றுக்கொள்ள ஒரு தெருவைச் சம்மதிக்க வைப்பதில்தான் நாள் பிடிக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய் என்றால் பாதிச் சம்மதம் தானாக வந்துவிடும். ரோட்டில் அடிபட்ட நாயைப் பார்த்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாயைக் கட்டாமல் தூக்காதீர்கள். பல் பட்டால் சோப்பும் ஊசியும் அன்றைக்கே. நம் பகுதியில் நாயைத் தூக்கிப் போகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வைத்தியம் பார்க்கக் கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும் வரை படுக்க வைக்கத்தான் இடமில்லை. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு டேபிளுக்கு அடியில் இடம் இருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சட்டை நான் வெட்டித் தருகிறேன். மார்பளவை மட்டும் நீங்களே எடுத்து அனுப்பிவிடுங்கள்.