அமைதி நாடி ஆற்றங்கரைக்குச் செல்வோர் குறித்துச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டுப் பெருநகரங்களில் வாழும் நடுத்தர வர்க்கத்தாரிடையே, அதிலும் குறிப்பாக வங்கி, காப்பீடு, மென்பொருள் முதலிய துறைகளில் நெடுங்காலம் நாற்காலி தேய்த்தவர்களிடையே, ஏதேனும் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போய் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரவேண்டும் என்னும் வேட்கை பரவலாகக் காணப்படுகிறது. இவ்வேட்கை கொண்டவர் இக்கட்டுரையில் விருந்தாளி எனச் சுட்டப்பெறுவார். அவர் சென்று சேரும் ஊரில் அவருக்கு அசலூர்க்காரர் என்று பெயர். ஊர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த எவரையும், அவர் அடுத்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாலும், தஞ்சை வட்டாரம் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆய்வுக் களமாகக் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரியின் வடகரையில் உள்ள சிற்றூர்களைக் கொள்ளலாம். அமைதியைத் தேடிப் போகிறவர் ஏமாறுவதற்கு இவ்வளவு வசதியான நிலப்பகுதி வேறில்லை.

விருந்தாளியின் மனத்திலுள்ள கிராமத்துக்கு மூலம் தேடிப் புறப்பட்டால் அத்தேடல் பெரும்பாலும் ஒரு திரையரங்கில் போய் நிற்கும். 1977-இல் வெளிவந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே', அதுவரை பெரும்பாலும் ஸ்டுடியோக்களுக்குள் அட்டைக் குடிசையும் வைக்கோற்போருமாகக் கிடந்த திரைக் கிராமத்தை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தது என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. அந்த வெட்டவெளி மைசூர், கொள்ளேகால் வட்டாரங்களில் இருந்தது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. காவிரி நீரைப் போலவே தமிழரின் கனவுக் கிராமமும் கர்நாடகத்திலிருந்துதான் வந்திருக்கிறது. நீருக்கு நடுவர் மன்றம் அமைந்தது, கனவுக்கு அமையவில்லை என்பதுதான் வேறுபாடு. விருந்தாளி வாசிப்புப் பழக்கமும் உள்ளவராயின் நிலைமை இன்னும் சிக்கலாகும். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில், நீர்நிலையெல்லாம் நிரம்பித் ததும்பும் வேளையில் தொடங்குகிறபடியால், அதைப் படித்தவருக்கு ஆறு என்பது பன்னிரண்டு மாதமும் இரு கரை தொட்டு ஓடுவதாகவே நெஞ்சில் பதிந்துவிடுகிறது. வந்தியத்தேவன் பள்ளி விடுமுறையை உத்தேசித்துச் சித்திரை மாதத்தில் கிளம்பியிருந்தால் அவனுடைய குதிரை மணலில் கால் புதைந்து நின்றிருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காவிரிப் படுகையில் ஆறு ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, இல்லையா என்பதே அங்கு வழங்கும் பேச்சு. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. குறுவை எனப்படும் குறுகிய காலப் பயிருக்காக ஆண்டுதோறும் சூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. ஆயினும் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். நாடு விடுதலை பெற்றபின் மே மாதத்தில் திறந்தது அதுவே முதன்முறை. 2024-இலோ சூலை 28 வரை காத்திருக்கவேண்டி வந்து, ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரங்கூட இல்லாத நிலையில் மதகு தூக்கப்பட்டது. திறந்துவிட்ட நீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்துவிடப்பட்டு, பிறகு கிளையாறும் வாய்க்காலுமாகச் சிதறி, கடைமடை எனப்படும் வாய்க்கால் முடியும் ஊர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பல மனுக்களும் சில சாலை மறியல்களும் நடந்து முடிந்திருக்கும். ஆகவே ஆற்றங்கரைக்குப் போக விரும்புகிறவர் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது முறை. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வேளைக்கு வேளை வெப்பமானி வைத்துப் பார்ப்பதுபோல, நாளிதழ் அன்றாடம் வெளியிடும் அந்த எண்ணை ஊரார் பார்த்து வருகிறார்கள். விருந்தாளி மட்டும் பார்ப்பதில்லை.

விளைவு என்னவெனில், மே மாதத்தில் படித்துறைக்கு, அதாவது குளிப்பதற்கும் துவைப்பதற்குமாக ஆற்றுக்குள் இறங்கும்படி கட்டப்பட்ட கற்படிகளுக்கு, விடியற்காலையில் துண்டும் தியான நோக்கமுமாக வந்து சேரும் விருந்தாளி, கடைசிப் படிக்குக் கீழே மணலையும், மணலுக்கு நடுவே நாணலையும், நாணல் விட்ட இடத்தை வளைத்துக்கொண்ட நெய்வேலிக் காட்டாமணக்கையும், இவை மூன்றும் விட்டுவைத்த பரப்பில் மூன்று குச்சிகளையும் காண்கிறார். மூன்று குச்சிகளும் கிரிக்கெட்டுக்கு உரியவை. ஆற்றுக்குள் ஆடப்படும் இவ்வாட்டத்துக்குத் தனி விதிகள் உண்டு: பந்து காட்டாமணக்குப் புதருக்குள் போனால் அடித்தவன் ஆட்டமிழந்தவன் ஆவதோடு பாம்புக்குப் பயப்படாமல் உள்ளே போய் எடுத்தும் தரவேண்டும், படித்துறையில் உட்கார்ந்திருப்பவர் மேல் பட்டால் நான்கு ஓட்டம். கண்ணை மூடி மூச்சை உள்ளிழுத்து அமர்ந்திருக்கும் விருந்தாளி தம்மை அறியாமலே எத்தனையோ அணிகளை வெற்றிபெறச் செய்திருக்கிறார். மேட்டூர் திறந்த செய்தி வந்தால் ஊர் முழுதும் மகிழும் வேளையில் இந்தப் பிள்ளைகள் மட்டும் முகம் வாடிப்போவார்கள் என்பது பாசன வரலாற்று நூல்களில் பதிவாகாத ஒன்று.

ஊரைப் பார்க்க வந்தவரை ஊர் பார்க்கத் தொடங்கும் இடம் தேநீர்க் கடை. ஒரே நாளிதழை நான்கு தாளாகப் பிரித்து நால்வர் படித்துக்கொண்டிருப்பார்கள். கொலை நடந்த செய்தி ஒருவர் கையிலும் கொன்றவன் பிடிபட்ட தொடர்ச்சி எதிர்ப்பலகைக்காரர் கையிலும் இருக்கும். ஆகவே அங்குச் செய்தி என்பது வாசிக்கப்படுவதைவிடக் கேட்டுப் பெறப்படுவதே மிகுதி, கேள்வி கேட்பதில் அவ்வூராருக்குள்ள தேர்ச்சியும் இப்பயிற்சியால் வந்ததே எனக் கருத இடமுண்டு. அசலூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்து தேநீர் கேட்டதும் நான்கு தாளும் ஒரே சமயத்தில் மடிக்கப்படும். அவரை ஏதேனும் ஒரு வகையில் சேர்த்தாக வேண்டும். வகைகளோ மரபாக வரையறுக்கப்பட்டவை: குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்தவர், பெண் பார்க்க வந்தவர், நிலம் பார்க்க வந்தவர், குழுக் கடனுக்குத் தவணை வசூலிக்க வந்தவர். அண்மைக் காலத்தில் மீத்தேன்காரர் என்றொரு வகையும் சேர்ந்திருக்கிறது. நிலத்தடி எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து மன்னார்குடி வட்டாரத்திலும் நெடுவாசலிலும் மக்கள் போராடி, 2020-இல் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், தோளில் பெட்டி மாட்டிக்கொண்டு வயலை உற்றுப் பார்க்கும் எவர் மீதும் ஊருக்கு ஒரு கண் இருக்கத்தான் செய்கிறது. பெட்டிக்குள் நிழற்படக் கருவிதான் இருக்கிறது என்று திறந்து காட்டியவர்களும் உண்டு.

"எந்த ஊருங்க தம்பி?"

"மெட்ராஸ்."

"அது சரி. சொந்த ஊரு?"

"அதுவும் மெட்ராஸ்தாங்க."

"மெட்ராஸ் யாருக்குத் தம்பி சொந்த ஊரு? இங்க யாரு வூட்டுக்கு வந்துருக்கீங்க?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. சும்மா, அமைதியா கொஞ்ச நாள் இருக்கலாம்னு வந்தேன்."

இந்த விடைக்குப் பிறகு கடையில் நிலவும் மௌனம்தான், சரியாகச் சொன்னால், விருந்தாளிக்கு அவ்வூரில் கிட்டும் முதல் அமைதி. அதுவும் நீடிப்பதில்லை. எந்த வகையிலும் அடங்காத ஒருவரைக் கண்டு திகைத்த அவையில், மூத்தவர் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, நோயாளியிடம் பேசும் குரலில் கேட்பார்: "சனியா, ராகுவா?"

இக்கேள்வியின் பின்புலத்தை விளக்கவேண்டும். நவக்கிரகத் தலங்கள் எனப்படும், ஒன்பது கோள்களுக்கும் உரியனவாகக் கருதப்படும் கோயில்கள் இவ்வட்டாரத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. சூரியனுக்குச் சூரியனார்கோயில், சுக்கிரனுக்குக் கஞ்சனூர், ராகுவுக்குத் திருநாகேசுவரம், குருவுக்கு ஆலங்குடி, சந்திரனுக்குத் திங்களூர், செவ்வாய்க்கு வைத்தீசுவரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், சனிக்குக் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடும் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகமே விடுகிறது. திருமணம் தள்ளிப்போனவர், வேலை போனவர், வழக்கில் மாட்டியவர், பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டவர் என நகரத்தின் துன்பம் அத்தனையும் வேன் வைத்துக்கொண்டு இவ்வழியாகத்தான் பல காலமாகப் போய்வருகிறது. ஆகவே காரணமின்றி வந்திருப்பதாகச் சொல்லும் நகரத்தார், காரணத்தை வெளியே சொல்லக் கூசுகிறார் என்று ஊர் முடிவுகட்டுவது முற்றிலும் தருக்க நெறிக்கு உட்பட்டதே. விருந்தாளி மறுக்க மறுக்க நோய் முற்றியிருப்பது உறுதியாகும். ஒருவர் வெள்ளிக்கிழமை கஞ்சனூரில் மொச்சை நிவேதனம் செய்யச் சொல்வார். இன்னொருவர் முதலில் திருநள்ளாற்றில் முழுகு, மற்றதெல்லாம் பிறகு என்பார். அன்று மாலைக்குள் விருந்தாளிக்கு ஏழரைச் சனி என்று மேலத் தெருவிலும், மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள் என்று கீழத் தெருவிலும் செய்தி நிலைபெற்றுவிட, இரவு உணவு பரிமாறும் வீட்டு அம்மாள், "எல்லாம் சரியாப் போயிடும், இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கங்க" என்று தேற்றுவதன் பொருள் அவருக்கு விளங்குவதில்லை.

உறக்கத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. விதிகளை வகுத்தவர்கள் தவளையைக் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. ஐப்பசி அடைமழையில் வரப்பு ஓரத்துத் தவளைகள் இரவு முழுவதும் முறைவைத்துக் கத்துவதும், விடியும் முன் மயில்கள் தென்னையின் மேலிருந்து அகவுவதும் எந்தக் காவல் நிலையத்தின் அனுமதிக்கும் உட்படுவதில்லை. படத்தில் மட்டுமே மயிலைக் கண்டவருக்கு அதன் குரல் தரும் அதிர்ச்சி எளிதில் நீங்குவதன்று. யாரோ யாரையோ கழுத்தை நெரிப்பதாக எண்ணி எழுந்து ஓடிவந்தவர்கள் உண்டு. மார்கழியில் கோயில் மைக்செட், அதாவது மரக்கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, நாலரை மணிக்கே எழுந்துவிடும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் எல்.ஆர். ஈசுவரி பாடாத மணி நேரம் இல்லை. தை, மாசி அறுவடையில் நள்ளிரவிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு பெல்ட் மிஷின் ஓடும். சேற்று வயலில் இறங்குவதற்காகச் சக்கரத்துக்குப் பதில் பட்டை பூட்டிய இந்த அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால், அது தூங்கினால் விவசாயி தூங்க முடியாது. விருந்தாளி எந்தப் பருவத்தில் வந்தாலும் அந்தப் பருவத்துக்குரிய ஓசை அவருக்காகக் காத்திருக்கிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விருந்தாளி மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் கேட்பார். அவை சென்னையில்தான் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் மரியாதையாகத் தெரிவிப்பார். 1922-இல் ஆடுதுறையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 முதலிய ரகங்களைப் பெயரின்றி எண்ணாலேயே அழைத்துப் பழகிய உழவரிடம், பாட்டன் காலத்து நெல்லின் பெருமையை விருந்தாளி கைப்பேசியைப் பார்த்துப் படித்துக் காட்டுவதும், அவர் அதைக் கேட்டுக்கொண்டே, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்களே என்னும் கவலையில் சாலையில் காயும் நெல்லைக் காலால் துழாவிவிடுவதும் பார்க்கத்தக்க காட்சி.

வீட்டைப் படம் பிடிப்பதில்தான் மனத்தாங்கல் வரும். பொரிந்த சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் திண்ணையுமாக நிற்கும் பழைய வீட்டின் முன் விருந்தாளி மெய்மறந்து நிற்க, கடன் வாங்கியும் துபாய்க்குப் போயும் தளம் போட்டு, முகப்பில் வேலோடு நிற்கும் முருகனை டைல்ஸில் பதித்து, தூணுக்குத் தூண் நிறம் மாற்றிப் பூசிய எதிர்வீட்டுக்காரர், தம் வீட்டை ஒருவரும் படம் எடுக்கவில்லையே என்று வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். பழைய வீட்டின் உரிமையாளரோ, "பையன் பணம் அனுப்பினதும் இடிச்சுடுவோம் சார்" என்று விருந்தாளிக்கு ஆறுதல் சொல்வார்.

கிளம்பும் நாளில் பையில் தேங்காயும் முருங்கைக்காயும் ஏறிக்கொண்டிருக்க, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி, வேளச்சேரியில் எட்டாம் மாடியில் குடியிருக்கும் தம் மகன் வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லத் தொடங்குவார். லிஃப்ட் ஓசைப்படாது, கதவு ஓசைப்படாது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மகனுக்கே தெரியாது. பேசாமல் நீங்கள் அங்கேயே இருந்திருக்கலாமே என்று ஊரில் பலரும் கேட்ட கேள்வியை விருந்தாளியும் கேட்பார்.

"நல்ல எடந்தான் தம்பி. மூணு நாளா ஒருத்தரும் எங்க போறேன்னு கேக்கல. எனக்கு உடம்புக்கே முடியாமப் போயிடுச்சு. உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விடுடான்னுட்டேன்."