ரெப் நேர்காணலில் வாங்குபவர் யார்? கழுத்துப்பட்டி முதல் பேனா வரை ஓர் ஆய்வு

விற்பனைப் பணிக்கான நேர்காணல் என்பது, கையில் எந்தச் சரக்கும் இல்லாத ஒருவர், எதையும் வாங்கும் எண்ணமில்லாத இருவர் அல்லது மூவரின் எதிரே அமர்ந்து, தம்மால் எதையும் விற்க முடியும் என்று நிறுவ முற்படும் சடங்காகும். சோப்பு முதல் ஆயுள் காப்பீடு வரை பல துறைகளில் இச்சடங்கு நடந்தேறினும், மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது ஊர் வழக்கில் ‘மெடிக்கல் ரெப்’ என்றும் அவசரத்தில் ‘ரெப்’ என்றும் அழைக்கப்படுபவர், தேர்வு செய்யப்படும் முறையே இவ்வாய்வுக்கு உகந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஏனெனில் விற்பனை என்னும் வினை அதன் தூய வடிவில் காணக் கிடைப்பது அங்கேதான். மருத்துவர் மருந்தை எழுதுகிறார்; நோயாளி பணம் கொடுக்கிறார்; கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார்; ஸ்டாக்கிஸ்ட் எனப்படும் மொத்த வணிகர் சரக்கை இறக்கி வைக்கிறார். இந்நால்வருக்கும் நடுவே பை சுமந்து நிற்கும் ரெப்பின் கையில் மாதிரி மாத்திரைகள் நீங்கலாகச் சரக்கும் புழங்குவதில்லை, பணமும் புழங்குவதில்லை; ஆயினும் மாத இறுதியில் விற்பனை முழுவதும் அவர் பெயரிலேயே கணக்கில் ஏறுகிறது, ஏறாவிட்டால் அக்குறையும் அவர் பெயரிலேயே ஏறுகிறது. இலக்கண நூலார் விற்றலைச் செயப்படுபொருள் குன்றாவினை என்பர். ரெப்பைப் பொறுத்தவரை அது செயப்படுபொருள் குன்றியவினையே என்பது இவ்வாய்வின் முதல் துணிபு.

தொல்காப்பியர் முதற்பொருள் என வகுத்தது நிலமும் பொழுதும் ஆகும். இந்நேர்காணலுக்குரிய நிலம், பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஓட்டலின் மாடி அறை; கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை எனப் பல திசைகளிலிருந்தும் வருவோர் ஒருசேர வந்திறங்க நெடுங்காலம் வசதியாக இருந்ததால், திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் இதற்குத் தலைநிலம் எனத் தகும். பொழுதைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு: அழைப்புக் கடிதம் காலை பத்து மணி என்கிறது, அனுபவம் பிற்பகல் மூன்று என்கிறது. இடைப்பட்ட நேரத்தில் நிகழ்வது இருத்தலும் இருத்தல் நிமித்தமும் ஆதலின், வரவேற்பறையும் மாடிப்படியும் முல்லைத் திணையைச் சாரும். முல்லைக்குரிய சிறுபொழுது மாலை என்பதை நோக்க, வந்தவரை அந்தி வரை உட்கார வைக்கும் கம்பெனிகள் இலக்கணத்தைப் பிசகின்றிக் கடைப்பிடிக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

ஆயத்தப் பணிகளுள் தலையாயது கழுத்துப்பட்டி, அதாவது டை. முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த காலத்தில் பிரான்சுக்காகப் போரிட வந்த குரோவேஷியக் கூலிப்படையினர் கழுத்தில் சுற்றியிருந்த துணியைக் கண்டு பாரிஸ் நகரத்தார் மயங்கியதே இதன் தோற்றுவாய் எனவும், பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் ‘கிராவாத்’ என்னும் பெயரே குரோவேஷியர் என்பதன் திரிபு எனவும் ஆடை வரலாற்றாசிரியர் கூறுவர். குளிர் நாட்டுப் போர்வீரன் கழுத்தில் சுற்றிய துணி, சித்திரை வெயிலில் அரசு நகரப் பேருந்தின் படிக்கட்டுக்கு அருகே நிற்கும் பி.எஸ்சி. விலங்கியல் பட்டதாரியின் கழுத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காலனி ஆட்சி என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடலாம் என்பதால், அதை விட்டு முடிச்சுக்கு வருவோம். 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இயற்பியலாளர்களான தாமஸ் ஃபிங்க், யோங் மாவோ ஆகிய இருவரும், வழக்கமான நீளமுள்ள ஒரு டையை முடிவதற்கு 85 வழிகள் உண்டு எனக் கணித முறையில் நிறுவி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் 86ஆவது வழி ஒன்று நெடுங்காலமாக வழக்கில் இருப்பது அவர்கள் கவனத்துக்கு வரவில்லை. அது முடிச்சை அவிழ்க்காதிருத்தல் என்னும் முறையாகும்.

இம்முறையில், விவரம் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு காலத்தில் ஓட்டலிலோ கப்பலிலோ பணிபுரிந்தவர், ஒரு டைக்கு ஒரே ஒரு முறை முடிச்சிட்டுத் தருகிறார். அதன்பின் அந்த டை, சுருக்குக் கயிறு போலத் தளர்த்தப்பட்டுத் தலைவழியே கழற்றப்படுவதும், தலைவழியே மாட்டப்பட்டு இறுக்கப்படுவதுமாக, ஆண்டுக்கணக்கில் தெருவில் வீடு வீடாகப் போய் வருகிறது. அணிபவர் மாறுவர், சட்டையின் நிறம் மாறும், முடிச்சு மட்டும் மாறுவதில்லை. மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டாண்டு டை கட்டிக்கொண்டு போனவருக்கு டை கட்டத் தெரியாதிருப்பது வியப்பன்று. பள்ளி டை முடிச்சோடு தைக்கப்பட்டு, எலாஸ்டிக் கோத்து, கொக்கி வைத்து விற்கப்பட்ட பொருளாதலின், அவருக்குத் தெரிந்தது கொக்கி மாட்டுவது மட்டுமே. கைபேசியில் காணொளி பார்த்துக் கட்டக் கற்போரும் உளர். காணொளியில் உள்ளவரின் வலம் இவருக்கு இடமாகவும், கண்ணாடியில் பார்த்துத் திருத்தும்போது அதுவும் தலைகீழாகவும் ஆகிவிடுவதால், இவர்கள் இரவு பதினொரு மணியளவில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதே பெரும்பான்மை.

சான்றிதழ்க் கோப்பு, ஷூ பாலிஷ் ஆகியவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. பயோடேட்டா மட்டும் ஒரு குறிப்புக்கு உரியது: பிறந்த தேதி, மதிப்பெண், பொழுதுபோக்கு முதலானவற்றை வரிசைப்படுத்திய பின், மேற்கண்டவை அனைத்தும் தாம் அறிந்தவரை உண்மை என்று உறுதிமொழி கூறிக் கையொப்பமிடும் இலக்கிய வகை அது. தம் பொழுதுபோக்கு புத்தக வாசிப்பு என்று ஒருவர் உறுதிமொழி கொடுத்துக் கூறுவதும், கடைசியாகப் படித்த புத்தகம் எது என்ற கேள்வியில் அவ்வுறுதிமொழி முறிவதும், பிற வகைகளில் காணக் கிடைக்காத நயங்கள்.

அடுத்தது மனப்பாடம். விற்பவர் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்து நெட்டுருப் போடச் செய்யும் வழக்கத்தை நிலைநாட்டியவர், அமெரிக்காவின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரங்கள் செய்து விற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியின் ஜான் பேட்டர்சன் ஆவார். 1887இல் அக்கம்பெனி அச்சிட்ட சிறு கையேடு, வாங்குபவர் இன்னது சொன்னால் விற்பவர் இன்னது சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது. இன்று ரெப் மருத்துவர் முன் நின்று, ‘விஷுவல் எய்ட்’ எனப்படும் படத்தாளைப் புரட்டியபடி, மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பேச்சு அதன் வழித்தோன்றலே. நேர்காணலுக்குச் செல்பவர் அதே முறையில் தம்மைப் பற்றிய பேச்சையும் உருப்போடுகிறார். அது ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி, தந்தையின் தொழிலில் தங்கி, ‘தட்ஸ் ஆல் அபவுட் மீ சார்’ என்று முடிகிறது. இதனுடன் உடற்கூறு அறிவும் கொஞ்சம் சேர்க்கப்படுகிறது: இயல்பான இரத்த அழுத்தம் 120/80, இன்சுலின் சுரப்பது கணையம், இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். தகுதிகாண் பருவம் பெரும்பாலும் ஆறு மாதம் என்பதால், பணி உறுதி ஆகும் நாளில் அவர் உடலில், நேர்காணலுக்குச் சென்ற சிவப்பணுக்களுள் அநேகமாக ஒன்றுகூட மிஞ்சியிராது என்பதை எந்தத் தேர்வாளரும் சுட்டிக் காட்டியதாகத் தெரியவில்லை.

மனப்பாட விடைகளை வகைப்படுத்த மேனாட்டு நூல்களை நாட வேண்டிய தேவையில்லை. நன்னூல் கூறும் தகுதி வழக்கே போதும். தகுதி வழக்காவது, ஒன்றற்குரிய இயல்பான சொல்லை விட்டு, தகுதி கருதி வேறொரு சொல்லால் சொல்வது. அது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்வது மங்கலம். ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் குழூஉக்குறி, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல. தங்கிவரும் வெளியூரை ‘ஓ.எஸ்.’ என்பதும், அன்றே திரும்பும் ஊரை ‘எக்ஸ்’ என்பதும், மேலாளர் உடன் வந்து வேலையைக் கண்காணிப்பதை ‘ஜாயின்ட் ஒர்க்’ என்பதும் குழூஉக்குறி என்பதில் ஐயமில்லை. முந்தைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்னும் கேள்விக்குத் தரப்படும் ‘பெட்டர் புராஸ்பெக்ட்ஸ்’ என்னும் விடைதான் சிக்கலுக்குரியது. டார்கெட் எட்டாததால் வெளியேற நேர்ந்ததை மறைப்பதால் அது இடக்கரடக்கல் என்பர் ஒரு சாரார். இறந்தாரைத் துஞ்சினார் என்பதுபோல ஒரு முடிவைத் தொடக்கமாகக் காட்டுவதால் மங்கலமே என்பர் மற்றொரு சாரார். கேட்பவரும் முன்பொரு காலத்தில் அதே விடையைச் சொல்லி வேலையில் சேர்ந்தவராதலின், இருவரும் ஒரு குழூஉவினராகி, அது குழூஉக்குறியும் ஆகும். மூவகையும் ஒரு சொல்லில் கூடி நிற்பது அருமை. ஆயினும் மங்கலம் என்போர் கருத்தே வலியுடைத்து.

இனிப் பேனா. தேர்வாளர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டி, இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள் என்பது இச்சடங்கின் உச்சம். பந்துமுனைப் பேனாவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ. 1938இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1945 அக்டோபர் 29 அன்று மில்டன் ரெனால்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் ஒரு பல்பொருள் அங்காடியில் அத்தகைய பேனாவை 12.50 டாலருக்கு விற்பனைக்கு வைத்தபோது, அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விற்றது. வாங்க வந்தோர் வரிசையில் நின்றனர். எவரும் எவருக்கும் எதையும் விற்றுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதே வகைப் பேனா பத்து ரூபாய்க்கு இறங்கிய பிறகுதான் அதை விற்பது அருந்திறமையாகக் கருதப்படுவது பொருளியலாளர் ஆராயத்தக்கது.

சட்ட நோக்கில் இச்சோதனை மேலும் ஐயத்துக்கிடமானது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பனை என்பது விற்பவர் ஒரு விலைக்காகச் சரக்கின் உடைமையை வாங்குபவருக்கு மாற்றிக் கொடுப்பதாகும். இங்கோ பேனா தேர்வாளருடையது. அதை அவருக்கே விற்க முற்படும் இளைஞருக்கு அதன்மேல் உடைமையுரிமை சிறிதும் இல்லை. விலையை இருதரப்பாரும் பேசுவதும் இல்லை. உடைமையும் விலையும் இல்லாதபோது எஞ்சி நிற்பது பேச்சு மட்டுமே. 2013இல் வெளிவந்த ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள், பேனாவைப் புகழாமல் முதலில் தேவையை உண்டாக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு, ‘சார், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்று தொடங்குகின்றனர். தேர்வாளரும் அப்படத்தைப் பார்த்தவராதலின், மற்றொரு பேனாவை எடுத்துக் கையெழுத்திடுகிறார். உண்மையான விற்பனைக்கோ இலக்கணம் வேறு: பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் வாணிகம் செய்ததாகப் போற்றுகிறது. பத்து மாத்திரை அட்டை வாங்கும் கடைக்காரருக்குப் பதினோராவதை இலவசமாகக் கொடுக்கும் இன்றைய ‘ஆஃபர்’ முறையில், கொடுப்பது குறைவதில்லை என்ற பாதி இலக்கணமேனும் காக்கப்படுகிறது.

இதுவரை கூறியவற்றால், நேர்காணலில் விற்பவர் இளைஞர், வாங்குபவர் மேலாளர் என்பது போலத் தோன்றும். அது தோற்றப் பிழை. ஏரியா மேனேஜர் எனப்படும் அம்மேலாளரின் கீழ் நான்கைந்து ‘டெரிட்டரி’கள், அதாவது விற்பனைப் பகுதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஆள் இல்லாமற் போனாலும் அப்பகுதிக்குரிய டார்கெட் போய்விடுவதில்லை. அது மேலாளரின் தலையிலேயே தங்குகிறது. மாதம் முடியப் பத்து நாளிருக்க, ஒரு பகுதி காலியாகக் கிடக்க, மேலிருந்து நாளுக்கு இருமுறை தொலைபேசி வர, ஓட்டல் அறையில் அமர்ந்திருப்பவரே இவ்வறையில் அவசரமுள்ள மனிதர். அதற்குரிய அகச்சான்றுகள் பல. பேனா முடிந்தவுடன் அவர் கேட்பவை மூன்றே கேள்விகள்: டூ வீலர் இருக்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா, எப்போது ஜாயின் பண்ணலாம்? டையை அவர் பார்த்ததாகவே சான்றில்லை. பின்னர் அவரே பேசத் தொடங்குகிறார்: இன்சென்டிவ் எவ்வளவு வரும், போன ஆண்டு டார்கெட் முடித்தவர்கள் எந்த ஊருக்குச் சுற்றுலா போனார்கள், ஃப்ரெஷராகச் சேர்ந்த ஒருவர் இன்று எந்தக் காரில் போகிறார். தேவையை உண்டாக்கி, ஆசையைத் தூண்டி, நாள் குறிக்கச் சொல்லும் இப்பேச்சு, படத்தாள் இல்லாத விஷுவல் எய்டே அன்றி வேறன்று. விற்கப்படும் சரக்கு அந்தக் காலி டெரிட்டரி. வாங்குபவர் எதிரே வியர்த்துக் கொண்டிருப்பவர்.

ஆகவே நேர்காணலுக்குச் செல்பவர் விற்பவராக அன்று, வாங்குபவராகவே ஆயத்தம் செய்திருக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர், டெரிட்டரி வாங்கும்போது அப்பகுதியின் போன ஆண்டு விற்பனை எவ்வளவு, முன்பிருந்தவர் எத்தனை மாதம் தங்கினார், அவர் ஏன் போனார், வண்டிக்குக் கிலோமீட்டருக்கு என்ன தருவார்கள் என்று ஒன்றும் கேட்பதில்லை. 1976இல் இயற்றப்பட்ட விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம், இத்தகைய பணியாளருக்கு நியமன ஆணையை எழுத்தில் தர வேண்டும் என்றும், பணி செய்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முழுச் சம்பளத்துடன் ஈட்டிய விடுப்புத் தர வேண்டும் என்றும் விதித்தது. கடைக்காரருக்குக் கொடுக்கும் பதினோராவது அட்டையின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் இளைஞர், தமக்குரிய இந்தப் பதினோராவது நாளின் கணக்கைத் தெரிந்துகொள்வதில்லை. இவையெல்லாவற்றையும் கேட்பதற்கென்றே சடங்கின் இறுதியில் ஓர் இடம் விடப்பட்டுள்ளது: ‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?’ இதற்கு மரபு வழிப்பட்ட விடை ‘நோ சார்’ என்பதாகும்.

வீடு திரும்பியதும் டை தளர்த்தப்பட்டு, தலைவழியே கழற்றப்பட்டு, முடிச்சு குலையாமல் ஆணியில் மாட்டப்படுகிறது. மறுநாள் காலை அது எதிர்வீட்டுக்குப் போயாக வேண்டும்; வரும் புதன்கிழமை அந்த வீட்டுப் பையனுக்கு ஈரோட்டில் நேர்காணல்.