மாடவீதியில் எந்தக் கங்காரு?

மயிலாப்பூர் வடக்கு மாடவீதி, மாலை ஆறரை மணி. கீரைக்கட்டு, கதம்பம், வாழைப்பூ எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு ஜீப் நுழைகிறது. முகத்தில் தொடை கனத்துக்கு இரும்புக் குழாய், அடிவயிற்றில் தகடு, மண்டையில் நாலு விளக்கு. எங்கோ எல்லையில் சண்டை மூண்டுவிட்டது என்று பதறினேன். இல்லை, ஐயா காபிப்பொடி வாங்க வந்திருக்கிறார். உள்ளே, அங்கம் அங்கமாகக் காக்கச் சொல்லும் கந்த சஷ்டி கவசம் ஓடுகிறது. முருகன்மேல் நம்பிக்கை போதவில்லை போலும், வெல்டரையும் பார்த்திருக்கிறார்.

வண்டியின் பெயர் தார். அது பாலைவனத்தின் பெயர். ஐயாவின் வண்டி அறிந்த ஒரே தார், மாநகராட்சி ரோட்டில் ஊற்றுகிற தார்.

வண்டியின் முகத்தில் மாட்டிய இந்தக் கம்பிக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற சாலைகளில் இருட்டில் கங்காரு பாயும். ரேடியேட்டர் உடைந்தால் கேட்க நாதி இல்லை. அதனால் மாட்டினார்கள். மாடவீதியில் எந்தக் கங்காரு? கிண்டிப் பூங்காவின் புள்ளிமான்கூடச் சுவருக்குள் சாதுவாக மேய்கிறது. இங்கே குறுக்கே வருவது டியூஷன் முடிந்த பையனும், பஸ்ஸுக்கு ஓடும் பெரியவரும்தான். குழந்தையின் தலை உயரத்துக்கு உலக்கையை நீட்டிக்கொண்டு வருவதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

உள்ளே இருப்பவருக்காவது நல்லதா என்றால், அதுவும் இல்லை. காரின் மூக்கு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொண்டால்தான் மனிதர் பிழைப்பார். சட்டகத்தோடு போல்ட் போட்ட கம்பி, அடியை நேராக உள்ளே அனுப்பும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் குழப்பும். சொந்தக் காசில் சூனியம்!

2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்தக் கம்பி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. கடிதம் வந்தது, திருத்தம் வந்தது, கம்பி மட்டும் போகவில்லை. ஹெல்மெட் இல்லாத கொரியர் பையனை நூறடி தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, ஆளுயரத்துக்கு வரும் இரும்பு தெரிவதில்லை. அதில் கட்சிக்கொடி வேறு பறந்தால், சீட்டுக் கிழிக்க வேண்டிய கை சல்யூட்டுக்கு எழும்பிவிடுகிறது.

கர்ணன் கவசத்தோடு பிறந்தவன். கேட்டதும் அறுத்துக் கொடுத்தான். நம்மூர்க் கர்ணர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள். சட்டமே கையேந்தி நின்றாலும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.

காபிப்பொடி வாங்கியாயிற்று. ஜீப் உறுமுகிறது. பூக்கார அம்மா கூடையை இழுத்து மடியோடு அணைத்துக்கொள்கிறார். அவருக்கு அதுதான் கவசம்.