786-க்கு எவ்வளவுங்க போகும்?

சங்ககிரியில் லாரி வாங்கி ஓட்டுவதைவிட, ஒரு இருபது ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே லாபம் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். டீசல் இல்லை, டயர் இல்லை, சுங்கச்சாவடி இல்லை. எண்ணில் 786 இருந்தால் போதும், லட்சம் கொடுக்க ஆள் இருக்கிறதாம்.

டிரைவர் அண்ணன் ஒருவர் பாலித்தீன் உறையிலிருந்து தன் பொக்கிஷத்தை எடுத்தார். நாலாக மடித்தது, ஓரத்தில் கிரீஸ் ரேகை, நடுவில் யாரோ பேனாவால் போட்ட கூட்டல் கணக்கு. "எவ்வளவுங்க போகும்?"

ஒரு முன்னெழுத்துக்குப் பத்து லட்சம் தாள் என்றால், 3,999 தாள்களில் 786 எங்காவது இருந்தே தீரும். இதேபோல் பொக்கிஷமென்று சொல்லப்படும், 2006 முதல் வரும் நட்சத்திரக் குறித் தாளோ, அச்சில் கெட்டதற்குப் பதிலாக நோட்டுக்கட்டில் வைக்கும் மாற்றாள். சேகரிப்பவர்கள் நிஜமாகக் காசை அவிழ்ப்பது 000001, 777777 மாதிரி எண்களுக்கு. அதுவும் மடிப்பே விழாத தாளுக்கு.

போனில் வரும் 'பார்ட்டி'க்கு மடிப்பெல்லாம் பொருட்டில்லை. முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கமிஷன். லட்சம் தரப்போகிறவர் அதில் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும். இந்த வியாபாரத்தில் தாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

முன்பணம் கட்டித் தொலைத்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்: 1930.