நுனியில் அத்வைதம், அடியில் துவைதம்

மின்சாரத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன், தான் போய் நிற்கும் இடத்திலெல்லாம் மின்சாரம் இல்லாதிருக்கக் காண்பான் என்பது இந்தத் தொழிலின் ஆதி விதி. இருந்திருந்தால் அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? புது வீடு என்றால் இணைப்பு இன்னும் வந்திராது; பழைய பங்களா என்றால், எந்தக் காலத்திலோ வந்த இணைப்பு மெயின் சுவிட்சுக்கு இப்பால் எங்கோ பரமபதம் அடைந்திருக்கும்; இரண்டும் செம்மையாக இருக்கிற அபூர்வமான வீட்டிலோ, நாம் ஏணியில் ஏறி, சுவரில் பென்சிலால் குறிபோட்டு, டிரில்லிங் மிஷினை நெற்றிக்கு நேராகத் தூக்குகிற அந்த முகூர்த்தத்தில், கேத்திப் பக்கம் ஒரு கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியின்மேல் சாய்ந்து, ஊட்டியை அடுத்த எங்கள் லவ்டேல் முழுவதையும் மெழுகுவத்தி யுகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். பைக்காரா நீரிலிருந்து 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்துக் கோயமுத்தூர் ஆலைகளை எல்லாம் சுழலவைத்த இந்த நீலகிரி மலை, தன் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு வயர்மேனுக்கு அரை மணி நேரம் இடைவிடாமல் கரண்டு கொடுக்க அவ்வளவு யோசிக்கிறது. மழைக்காலத்தில் குறை சொல்லவும் மனம் வராது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மலை இது. அப்படிப்பட்ட மழையில் கம்பத்தில் ஏறுகிறவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமே ஒழிய, புகார் எழுதத் தோன்றாது.

ஆகையால், வேலைக்குப் போகிறவன் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தோளில் சுமந்துகொண்டு போவதுதான் உசிதம் என்று தீர்மானித்து, பாட்டரியில் இயங்கும் ரோட்டரி ஹாமர் ஒன்றை வாங்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். இதைக் கேட்டவர்கள், ஒரு சுவரில் ஓட்டை போடுவதற்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று நினைத்தார்கள். அவர்கள் சமவெளியில் பிறந்தவர்கள். செங்கல் சுவரைத் தவிர வேறு சுவரை அறியாத பாக்கியசாலிகள்.

இங்கே சுவர் என்பது வேறு சங்கதி. கலெக்டர் ஸல்லிவன் துரை இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் முதன்முதலாகக் கட்டிக்கொண்ட வீட்டுக்கே கல் பங்களா என்றுதான் பெயர் நிலைத்தது. அவருக்குப் பின் வந்தவர்களிலும் கல்லின்மேல் பிரீதி கொண்டவர்கள் பலர். அந்தக் கல் லேசுப்பட்ட கல் அன்று. கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்திருந்த பலகைக் கல்லை, அது சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லின் ஜாதி என்று கண்டு, ஹாலந்து என்ற நிலவியல் நிபுணர் 1893-இல் அந்த வகைப் பாறைக்கே சார்னாக்கைட் என்று நாமகரணம் செய்துவைத்தார். நீலகிரி மலை பெரும்பாலும் அந்தச் சார்னாக்கைட்தான். ஒரு மனிதரின் சமாதியிலிருந்து பெயர் பெற்ற பாறை, தன்னைத் துளைக்க வருகிறவனிடம் என்ன சுபாவத்தோடு நடந்துகொள்ளும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதையில் 16 சுரங்கங்களை உளியும் சம்மட்டியும் வெடிமருந்துமாகக் குடைந்தவர்கள் வாழ்ந்த பிரதேசத்தில், ஒரு கீசர் மாட்ட நாலு ஓட்டை போடுவதற்கு நான் முனகுவது எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கீழே நின்றுகொண்டு, "மத்தியானத்துக்குள்ள வெந்நீர் வந்துடுங்களா?" என்று கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கல்லிடம் சாதாரண டிரில்லிங் மிஷின் செல்லாது. அதிலும் இடிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு என்பது மெய்யே. ஆனால் அது பற்கள் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து குதிப்பதனால் உண்டாகும் நடுக்கமே அன்றி அடியன்று. சத்தம் கேத்தி வரை போகும், பிட் கால் அங்குலம்கூடப் போகாது. ரோட்டரி ஹாமரில் அப்படி இல்லை. அதனுள்ளே ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடிக் காற்றை அழுத்துகிறது. அழுந்திய காற்று ஓர் இரும்புக் குண்டை விசிறி அடிக்கிறது. குண்டு போய் பிட்டின் முதுகில் மோதுகிறது. மோட்டாருக்கும் அடிக்கும் நடுவே இருப்பது வெறும் காற்றுதான் என்பதால், பிடித்திருப்பவன் தன் தேகபலத்தையெல்லாம் கொண்டு உந்த வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் வேலைக்குப் போதுமான ரகத்தில் ஓர் அடியின் பலம் 2 ஜூல் என்று எழுதியிருக்கும். ஜூல் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து கைவிட்டால் விழுகிற அடி ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதுவே நிமிஷத்துக்கு நாலாயிரம் தடவைக்குமேல் விழுந்தால், சார்னாக்கைட்டும் சற்று யோசிக்கும். ஜெர்மனியில் போஷ் கம்பெனியார் இந்தச் சுழன்றடிக்கும் சுத்தியலைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் 1932-ஆம் ஆண்டில்தான். ஒரே வருஷத்தில் பைக்காரா மின்சாரமும் ரோட்டரி ஹாமரும் பிறந்தும், அவ்விரண்டும் லவ்டேலில் ஒரே சமயத்தில் ஒரே வீட்டில் சந்திப்பது மட்டும் இன்றுவரை அபூர்வம்.

இதுவரை விவகாரம் சுலபம். இதற்கு அப்பால்தான் மதபேதம் ஆரம்பமாகிறது.

இந்த மிஷினின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் அதே போஷ் கம்பெனியார் எஸ்.டி.எஸ். என்ற ஒரு பிடியை ஏற்படுத்தினார்கள். பிட்டின் அடிப்பாகத்தில் சில பள்ளங்களைச் செதுக்கி, சாவியும் திருகலும் இல்லாமல், செருகி லேசாகத் திருப்பினால் தானே போய் உட்கார்ந்துகொள்ளும்படி செய்த அந்த உபாயத்தின் வம்சத்தை, போட்டிக் கம்பெனிகள் எல்லாம் நாளடைவில் பூரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டன. இன்றைக்கு நீங்கள் ஊட்டி பஜாரில் எந்தக் கடையில் ஆறு எம்.எம். எஸ்.டி.எஸ். பிட் வாங்கினாலும், அது இந்த ரகத்தில் எந்த தேசத்து ஹாமரின் வாயிலும் ஜாதி வித்தியாசம் பாராமல் நுழையும். சர்வம் பிரம்மமயம்.

அதே மிஷினைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே பாட்டரி செருகுகிற இடத்தில், ஒருவர் ஒரு பள்ளத்தை இடப்புறம் வெட்டியிருப்பார். இன்னொருவர் வலப்புறம் ஒரு மேட்டை எழுப்பியிருப்பார். மூன்றாமவர் தகட்டின் அகலத்தை ஒரு நூலளவு மாற்றியிருப்பார். உள்ளே இருப்பதோ எல்லாருக்கும் ஒரே லித்தியம். நுனியில் அத்வைதம் பேசுகிற கம்பெனி, அடியில் பரம துவைதி. போஷ் என்றால் நீலம், டிவால்ட் என்றால் மஞ்சள், ஹில்ட்டி என்றால் சிவப்பு, மகிடா என்றால் ஒரு பச்சைநீலம். நிறத்தைத் தரித்துக்கொண்டவன் அந்த ஆசாரத்திலேயே ஆயுள் முழுவதும் நிற்க வேண்டியதுதான். ஏனென்றால் மிஷின் ஒரு விலை. இரண்டு பாட்டரியும் ஒரு சார்ஜரும் சேர்ந்து ஏறக்குறைய இன்னொரு விலை. அடுத்த முறை கிரைண்டரோ கட்டரோ வாங்கப் போகும்போது, வெறும் மிஷினை மட்டும் வாங்கி வீட்டிலிருக்கும் பாட்டரியைச் செருகலாம் என்ற சபலம் அவனை அதே நிறத்துக் கடைக்கே இழுத்துப் போகும். இந்தச் சமயப் பூசல்களைக் கண்டு மனம் நொந்த சில சமரச சன்மார்க்கிகள், ஒரு நிறத்துப் பாட்டரியை இன்னொரு நிறத்து மிஷினில் பொருத்தும் பிளாஸ்டிக் அடாப்டர்களைச் செய்து விற்கிறார்கள். எல்லா மடங்களும் ஏகமனதாகக் கண்டிக்கிற ஒரே பொருள் அதுதான்.

உபதேசம் பெறுவதற்காகக் கோயமுத்தூர் போனேன். கடைக்காரப் பிள்ளை மிகுந்த மரியாதையுடன் இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தான்.

"ஏனுங்ண்ணா, இதுல பதினெட்டு வோல்ட்டுங்க, அதுல இருபதுங்க. ரெண்டு வோல்ட்டு சேர்த்திக் கிடைக்கறப்ப எதுக்குங்க விடோணும்?"

வயர்மேனிடம் வோல்ட் கணக்குச் சொல்லுகிற தைரியத்தை நான் மனதாரப் பாராட்டினேன். இரண்டு பெட்டிக்குள்ளும் இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து செல்கள்தாம். செல் ஒன்றுக்குச் சராசரியாக 3.6 வோல்ட் என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 18. சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு, ஒரு வேலையும் கொடுக்காமல் அளந்தால் செல்லுக்கு 4 வோல்ட்டுக்குக் குறையாது, அந்த வீதம் 20. வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர்-மணியைப் பெருக்கிப் பார்க்கிறவனுக்குத்தான் உண்மை புலப்படும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்றில் அடங்குவது 90 வாட்-மணி. மின்வாரியத்தார் ஒரு யூனிட் என்று கணக்கெழுதுகிறார்களே, அந்த ஒரு யூனிட்டைச் சுமக்க இப்படிப்பட்ட பாட்டரி பதினொன்றுக்கு மேல் வேண்டும். எடை போட்டால் ஏறக்குறைய ஏழு கிலோ வரும். சில ரூபாய்க்குக் கம்பி வழியே எடையின்றி ஓடிவரும் வஸ்துவை இத்தனை ஆயிரம் கொடுத்து, கிலோக் கணக்கில் வாங்கி, லவ்டேல் படிக்கட்டுகளில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குத்தான் நான் முன்னேற்றம் என்று பெயரிட்டிருந்தேன்.

"குளிருக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"குளிருக்கு என்னங்ண்ணா, சூடே ஆவாதுங்க! நல்லதுதானுங்க!"

சமவெளிக்காரர்கள் குளிரை விளம்பரப் படத்தில் மட்டும் கண்டவர்கள். லித்தியம் பாட்டரி குளிரில் வேலை செய்யும், கொஞ்சம் சோம்பலாக. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றலாகாது. ஏற்றினால், கார்பன் தகட்டுக்குள் அடக்கமாகப் புகுந்துகொள்ள வேண்டிய லித்தியம், புகமாட்டாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பாட்டரியின் ஆயுளும் அதோடு குறையும். இது தெரிந்த நல்ல சார்ஜர், குளிர்ந்த பாட்டரியைச் செருகினால் விளக்கை மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டு, சத்தியாக்கிரகம் செய்யும். மார்கழியிலும் தையிலும் புல்வெளி எல்லாம் உப்புக் கொட்டியது போல் உறைபனி விழுகிற எங்கள் பக்கத்தில், ஷெட்டில் இராத்தங்கிய பாட்டரி காலையில் எந்த நிலையில் இருக்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம். ஆகவே பாட்டரிகள் எந்த நிறமானாலும் இரவில் வீட்டுக்குள், அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய பெஞ்சில், கம்பளி போர்த்துப் படுத்துக்கொள்ள வேண்டியவை என்று வீட்டில் தெரிவித்தேன். "பொறந்த புள்ளைக்குக்கூட நீங்க இப்படிப் பார்க்கலை" என்று என் மனைவி சொன்னாள். சொன்னாலும் பழைய கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலும் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் பார்த்து முடித்த பிறகு எனக்குத் தெளிவான விஷயம், அவற்றால் ஒன்றும் தெளிவாகாது என்பதுதான். நாலு நிறமும் நாலு நல்ல மிஷின். கால் ஜூல் அரை ஜூல் வித்தியாசத்தில் மோட்சமோ நரகமோ நிர்ணயமாவதில்லை. இந்த மலையில் நிர்ணயமாவது வேறிடத்தில். நாலாவது ஓட்டை பாதியில் இருக்க, இரண்டு பாட்டரியும் தீர்ந்து, கரண்டும் போன மாலை நேரத்தில், நடந்து போகிற தூரத்தில் உங்கள் நிறத்துப் பாட்டரி யாரிடம் இருக்கிறது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுகிற கடைக்காரன் கோயமுத்தூரில் இல்லை. கேத்தியில் பிளம்பராக இருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், நீல மதஸ்தர். அவரிடம் நீலத்தில் கட்டர் உண்டு, கிரைண்டர் உண்டு, காற்றடிக்கிற ஊதி ஒன்று உண்டு. சகல சாஸ்திர விசாரங்களுக்கும் பிறகு நானும் நீலத்தைத் தழுவினேன்.

செய்தி கேட்டு அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். மிஷினைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, "வாங்க மாப்பிள்ளை, இப்பத்தான் நம்ம பக்கம் வந்தீங்க" என்று ஞானஸ்நானம் செய்துவைக்கிற பாவனையில் சொன்னார். பிறகு என் புதுப் பாட்டரிகளைத் தன் கட்டரில் செருகிப் பார்த்தார். அது உற்சாகமாகக் கீச்சிட்டது. தன் பாட்டரி ஒன்றை என் ஹாமரில் செருகினார். அது இரண்டு முனகல் முனகி ஒரு சிவப்பு விளக்கைக் காட்டியது. அவருடைய பாட்டரிகள் எல்லாம் பென்ஷன் வாங்குகிற வயதுக்கு வந்துவிட்டன என்பதும், குடும்பத்தில் ஒருவர் நீலத்துக்கு மாறுகிற சுபதினத்தை அவர் வெகுநாளாக எதிர்நோக்கியிருந்தார் என்பதும் எனக்கு அப்போது விளங்கியது. போகும்போது ஒரு பாட்டரி அவருடனேயே போயிற்று. மதத்தில் சேர்ந்தால் தசமபாகம் கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே அது பாதியாக இருக்கிறது.

ஆனால் மச்சான் நன்றி மறக்கிறவர் அல்லர். இந்தப் பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுவந்தபோது, கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை எல்லாவற்றையும் கிரமப்படி தட்டில் வைத்து, புடைவை வைக்கிற இடத்தில் ஒரு புத்தம் புதிய 5 ஆம்பியர்-மணிப் பாட்டரியைக் குங்குமம் இட்டு வைத்திருந்தார். "வீட்டுக்கு உபயோகமா இருக்கட்டும்னுதான்" என்றார். என் மனைவி அதைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பாட்டரியைப் பீரோவில் பட்டுப் புடைவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அது ஸ்திரீதனம், எங்கள் வீட்டில் கம்பளி இல்லாமலே உறைபனி எட்டாத ஒரே பாட்டரியும் அதுதான். எனக்கு வேண்டுமானால் விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் அலமாரி எங்கே வர வேண்டும், பூஜை அறை மணிக்குக் கொக்கி எங்கே வர வேண்டும் என்ற நிபந்தனைகள் முதலில் நிறைவேறியாக வேண்டும். அவளுடைய அண்ணன் வாசலில் வந்து நின்று, "அம்மிணி, அந்தப் பாட்டரியைச் சித்த குடு" என்றால் மட்டும், நிபந்தனை ஏதும் இல்லாமல், காப்பியோடு சேர்த்து எடுத்துவந்து கொடுத்துவிடுகிறாள்.