உத்தரவின்றி இறந்தவர் சார்பாக ஒரு மன்னிப்புக் கடிதம்

பெறுநர்: நிவாரணப் பிரிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: முன் உத்தரவு பெறாமல் உயிர் காக்க முயன்று இறந்தமை – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: எதிர்வீட்டு அண்ணிக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

ஐயா,

வணக்கம். "மேற்படி நபர் பாதாளச் சாக்கடையில் இறங்குமாறு எவராலும் பணிக்கப்படவில்லை. பணி உத்தரவின் நகல் இணைக்கப்படாததால் மனு திருப்பப்படுகிறது." என்ன தெளிவான தமிழ்! அண்ணிக்குத்தான் விளங்கவில்லை. படித்துச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஒப்பந்தக்காரரின் ஆள் மேன்ஹோலுக்குள் சரிந்தார். தூக்கிவிட இறங்கிய கூட்டாளியின் சத்தமும் நின்றது. டீக்கடையில் நின்றிருந்த அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அலுவலகத்துக்கு வந்து, டோக்கன் வாங்கி, உத்தரவு பெற்று, மூன்று நகல் எடுத்து, பிறகல்லவா இறங்கியிருக்க வேண்டும்? ஹைட்ரஜன் சல்ஃபைடும் உத்தரவு வரும்வரை பொறுத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது; அளவு கூடினால் மூக்கையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் சில மூச்சுகளில் விழுவார். உத்தரவின் நகல் கையில் இருந்தால் விழமாட்டார் போலும்.

தங்கள் துறையின் தர்க்கமும் அழகு. பாதுகாப்புக் கவசமின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே யாரும் இறக்கவில்லை. யாரும் இறக்காததால் யாரும் இறங்கவில்லை. இறங்காத ஒருவரைக் காப்பாற்றப் போய் இறந்த அண்ணன் எவ்வளவு பெரிய முறைகேடு செய்திருக்கிறார்! சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அது வேலைக்கு இறங்கியவருக்கு மட்டுமே, காப்பாற்ற இறங்கியவருக்கு இல்லை என்று கண்டுபிடித்த தங்கள் மதிநுட்பத்துக்கு ஒரு பதவி உயர்வாவது தர வேண்டாமா?

சீருடைக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்காக ஏப்ரல் 14 நீத்தார் நினைவு நாள். 1959இல் லடாக்கில் வீழ்ந்த காவலர்களுக்காக அக்டோபர் 21. மலர்வளையம் உண்டு, துப்பாக்கி தாழும், சங்கு ஊதும். எல்லாம் தகும், ஒன்றும் குறை சொல்லவில்லை. கைலிக்கு மட்டும் நாள் கிடையாது. கைலி உத்தரவுபெற்ற உடையில்லையே. 2015இல் கோழிக்கோட்டில் வழிப்போக்கராக வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், மேன்ஹோலுக்குள் சிக்கிய இருவரைக் காப்பாற்ற இறங்கி இறந்தார். முன்பின் தெரியாத இருவருக்காக! அவரும் நகல் எடுக்கவில்லை.

அந்தக் குழியில் வாயு இருக்குமென்று உங்களுக்குத் தெரியும். வாயுவை அளக்கும் கருவி இல்லை, கயிறு இல்லை, சிலிண்டர் இல்லை. அந்த முதல் ஆளை உள்ளே இறக்கியது யார்? அந்த உத்தரவின் நகலை யார் கேட்டீர்கள்? தாலியறுத்தவளிடம் வந்து கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும், ஐயா. பேனா உத்தரவின்றி இறங்கிவிட்டது.

உயிர் காப்பவர்களுக்கு 1961இலிருந்து ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது; இறந்தவர்களுக்கும் தருவார்கள். மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். கோப்பு தங்கள் மேசையிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பதால் அதைக் கேட்டுத் தங்களைச் சிரமப்படுத்த மாட்டேன். ஒரே விண்ணப்பம். படிவத்தில் "இறங்கியதற்கான காரணம்" என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் "உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறோம். அதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளத் தங்களுக்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்று தெரிவித்தால், அவரிடமும் வந்து டோக்கன் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாங்கள் தவறி விழுந்தாலும் உத்தரவுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கும்,
தெருக்காரன்.